துயர் ஆற்றும் கல்வி

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் இரு கரைகளிலும் கல்வி நிலையங்களுக்குக் குறைவில்லை. பாளையங்கோட்டையைத் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று பெருமையுடன் அழைத்து மகிழ்கிறோம். இலக்கியம், வணிகவியல், கணிதம், சட்டம், மருத்துவம், பொறியியல் எனப் பல துறைகளிலும் ஆண்டுதோறும் எண்ணற்ற இளைஞர்கள் பட்டம் பெற்று வெளியேறுகின்றனர். ஆயினும், துன்பத்தில் உழலும் ஒருவரின் அருகில் அமர்ந்து அவருக்கு உதவுவது எவ்வாறு என்பதையும் ஒரு கல்வியாகக் கற்க வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

‘கவுன்சலிங்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர்க்கு நினைவுக்கு வருவது பொறியியல் கல்லூரியில் இடம் பெறுவதற்கான கலந்தாய்வே ஆகும். உள்ளம் நொந்தவர்க்குத் துணைநிற்கும் உளவியல் ஆலோசனையையும் அதே சொல்லால் குறிப்பர் என்பதும், அது பல்கலைக்கழகங்களில் முதுகலைப் பாடமாகப் பயிற்றப்படுகிறது என்பதும் நம்மவருள் பலருக்குத் தெரியாது. நம் பிள்ளைகள், குறிப்பாக நம் பெண்பிள்ளைகள், இத்துறையை நாடிக் கற்க வேண்டும் என்பதும், அதற்கு நம் கல்லூரியும் சமுதாயமும் வழிவகுக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

தேவை எத்தகையது?

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் 2015–16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வினை நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர் என்பது அதன் முடிவு. அவர்களுள் பெரும்பாலோர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை என்பதும் அவ்வாய்வினால் தெரியவந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் 1,70,924 பேர். அவர்களுள் மாணவர் மட்டும் 13,044 பேர். தமிழ்நாட்டில் அவ்வாண்டு இவ்வாறு இறந்தோர் 19,834 பேர். மகாராட்டிரத்திற்கு அடுத்த நிலையில் நம் மாநிலம் நிற்பது நெஞ்சைச் சுடும் செய்தியாகும்.

நம் பகுதியைச் சற்றே நோக்குவோம். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் தென்காசிச் சுற்றுப்புறங்களிலும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் ஏராளம். கழுத்துவலி, முதுகுவலி, தூக்கமின்மை என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கும் அவர்களுள் பலருக்கு வலிக்குக் காரணம் உழைப்பு மட்டுமன்று. கணவர் வளைகுடா நாட்டில் இருக்க, இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் விடுமுறையை எண்ணி நாள்களைக் கழிக்கும் மனைவியர் உள்ளனர். வாப்பாவைத் தொலைபேசித் திரையில் மட்டுமே கண்டு வளரும் பிள்ளைகள் உள்ளனர். பொருள் சேர்த்துத் திரும்பிய பின் தம் வீட்டிலேயே தமக்கு இடமில்லாதது போல உணரும் முதியோரும் உள்ளனர். இவர்களின் துயரைக் கேட்பதற்கென்று எவர் இருக்கின்றனர்?

பள்ளிகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் பயின்ற மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வகுப்புத் தோழனை வகுப்பறையிலேயே அரிவாளால் வெட்டினான். தடுக்க முனைந்த ஆசிரியையும் காயமுற்றார். நாங்குநேரிக் கொடுமையை அடுத்து அரசு அமைத்த நீதியரசர் சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. சாதி ஒழிப்புக்குரிய பல நடவடிக்கைகளோடு, மாணவர்க்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் தேவை என்பதையும் அது வலியுறுத்தியது. அரிவாளை எடுத்த பிள்ளையைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. அரிவாளை எடுக்குமுன் அவன் உள்ளத்தில் ஓடியவற்றைக் கேட்டறிய ஓர் ஆள் அந்தப் பள்ளியில் இருந்தாரா என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா.

2025 ஜூலை 25ஆம் நாள் உச்சநீதிமன்றம் மாணவர் தற்கொலை தொடர்பான வழக்கொன்றில் நாடு முழுமைக்குமான நெறிமுறைகளை வகுத்தது. நூறும் அதற்கு மேலும் மாணவர் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும், சிறார், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலர், சமூகப் பணியாளர் ஆகியோருள் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் நூறு மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளும் கல்லூரிகளும் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அத்தனைக்கும் தகுதி பெற்ற ஆலோசகர்கள் எங்கிருந்து வருவர்? சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருவோர் நம் ஊர்ப் பிள்ளையின் பேச்சு வழக்கையும் வீட்டு வழக்கத்தையும் அறிந்திருப்பரா? நம் மண்ணிலிருந்தே அவர்கள் உருவாக வேண்டும்.

தோழி கற்றுத்தரும் பாடம்

இத்துறை மேலைநாட்டிலிருந்து வந்தது, நமக்கு அந்நியமானது என்று கருதுவோர் உண்டு. பாஸ்டன் நகரில் 1908ஆம் ஆண்டு ஃபிராங்க் பார்சன்ஸ் என்பார் இளைஞர்க்குத் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் தொடங்கியதும், 1942இல் கார்ல் ரோஜர்ஸ் ஆலோசனை பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டதும் இத்துறையின் தற்கால வரலாற்றில் முக்கியமான கட்டங்களே. ஆனால், பிறர் துயரைக் கேட்டு வழிகாட்டும் பண்பு நம் இலக்கியத்திற்குப் புதிதன்று.

சங்க அகப்பாடல்களில் வரும் வெறியாட்டினை எண்ணிப் பாருங்கள். காதல் நோயால் தலைவி உடல் மெலிகிறாள், முகம் வாடுகிறாள். காரணம் அறியாத தாய், முருகன் அணங்கினான் என்று கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். தாயின் அன்பில் குறையில்லை. வேலனின் நம்பிக்கையிலும் குறையில்லை. நோயின் காரணத்தை அவர்கள் அறியாததுதான் குறை. உண்மையை அறிந்தவள் தோழி ஒருத்தியே. ஏனெனில், தலைவியின் உள்ளத்தைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அத்தோழி தான் அறிந்ததை ஊரார்க்கு உரைத்துவிடுவதில்லை. அலர் எழாமல் காக்கிறாள். ஆனால், மறைப்பதால் தலைவியின் வாழ்வுக்கே தீங்கு நேரும் நிலை வரும்போது, உரியவரிடம், உரிய சொற்களால், உரிய அளவில் உண்மையை வெளியிடுகிறாள். இதனை இலக்கண நூலார் ‘அறத்தொடு நிற்றல்’ என்றனர். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் அறத்தொடு நிற்பர் என்னும் வரிசை மரபு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளிலும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் கூற்றாகவே அமைந்துள்ளது.

இன்றைய ஆலோசனைக் கல்வியில் மாணவர் முதலில் கற்கும் அறங்களுள் ஒன்று இரகசியம் காத்தல். நாடி வந்தவர் கூறியதைப் பிறரிடம் கூறலாகாது. அவர் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்னும் நிலையில் மட்டும், உரியவர்க்கு, தேவையான அளவே தெரிவித்தல் வேண்டும். தோழியின் அறத்திற்கும் இந்த நெறிக்கும் இடையே உள்ள ஒற்றுமை வியப்பளிக்கிறது. வள்ளுவரும் கேள்வி, கண்ணோட்டம், புறங்கூறாமை, இடுக்கண் அழியாமை எனத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்துள்ளார். பிறர் துயர் கேட்போர்க்கு வேண்டிய பண்புகள் இவையே அல்லவா?

மேலும், ‘ஆற்றுப்படை’ என்னும் இலக்கிய வகை நம்முடையது. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையில் வாடி எதிர்ப்படும் கலைஞனுக்குத் தான் நடந்த வழியைக் காட்டுவது அது. ஆறு என்றால் வழி. ஆற்றுதல் என்றால் துயர் தணித்தல். இவ்விரு பொருளும் ஒருங்கே தோன்றுமாறு ‘ஆற்றுப்படுத்துநர்’ என்னும் சொல் இன்று ஆலோசகர்க்கு வழங்குகிறது. போரின் கொடுமையையும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் அழிவையும் கண்ட இலங்கைத் தமிழர் ‘உளவளத்துணை’ என்னும் அழகிய சொல்லை ஆக்கிப் பரவலாக வழங்குகின்றனர். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் தமிழிலேயே நூல் எழுதியும் பயிற்சி அளித்தும் சிற்றூர்தோறும் உளவளத்துணையாளரை உருவாக்கினர். அங்கு இயன்றது இங்கு இயலாதா?

இஸ்லாமிய மரபில் ஆற்றுப்படுத்தல்

நம் சமுதாயத்தினர்க்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்றுண்டு. ஹிரா குகையில் முதல் வஹீ அருளப்பட்ட பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நடுங்கியவராக இல்லம் திரும்பிய நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் நுபுவ்வத்துக் காண்டத்தில் இதனைக் காணலாம். அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்கள் அப்போது செய்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்.

முதலில், போர்த்துமாறு கேட்ட நாயகத்திற்குப் போர்வை போர்த்தினார்கள். நடுக்கம் தணியும் வரை காத்திருந்தார்கள். கேள்விகளால் துளைக்கவில்லை. பின்னர், நடந்ததை அவர்கள் வாய்மொழியாகவே முழுமையாகக் கேட்டார்கள். அதன்பின், உறவைப் பேணுதல், எளியவர் சுமையைத் தாங்குதல், விருந்தோம்பல் ஆகிய நாயகத்தின் சொந்த நற்பண்புகளையே எடுத்துக்காட்டி, இத்தகைய ஒருவரை இறைவன் கைவிடமாட்டான் என்று உறுதி கூறினார்கள். இறுதியாக, தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவர் என்ற வகையில், வேதங்களைக் கற்றறிந்த வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள். அமைதிப்படுத்தல், செவிமடுத்தல், உள்ளிருக்கும் வலிமையை உணர்த்தல், தக்கவரிடம் அனுப்புதல் என்னும் இந்நான்கும் இன்றைய ஆலோசனைப் பயிற்சியின் முதன்மைப் படிகளாகும். இந்தச் சமுதாயத்திற்கு இத்துறை அந்நியம் என்று எவர் கூற இயலும்?

வரலாற்றிலும் இதற்குத் தொடர்ச்சி உண்டு. கி.பி. 850 முதல் 934 வரை வாழ்ந்த அபூ ஸைத் அல்–பல்கீ என்னும் அறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். சினம், அச்சம், துயரம், ஓயாத வீண் எண்ணங்கள் என உள்ளத்தின் இன்னல்களை அவர் வகைப்படுத்தினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாத துயரம் வேறு என்றும் பிரித்துக் காட்டினார். 1284இல் கெய்ரோவில் எழுந்த கலாவூன் மருத்துவமனையில் மனநோயாளர்க்கும் இடமிருந்தது. நம் காலத்தில், சூடான் நாட்டு உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரீ (1932–2021) அவர்கள், முஸ்லிம் உளவியலர் மேலைநாட்டுக் கோட்பாடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் கூடாது, அவற்றின் பயனுள்ள முறைகளைத் தள்ளிவிடவும் கூடாது என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் விளக்கினார்.

அறிவுரை வேறு, ஆலோசனை வேறு

‘எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் இருக்கிறார்கள், மஹல்லாவில் ஜமாஅத் இருக்கிறது, பள்ளிவாசலில் இமாம் இருக்கிறார். பிறகு எதற்குத் தனியாக ஓர் ஆலோசகர்?’ என்று பெரியோர் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வி. நம் ஜமாஅத்துகள் எத்தனையோ குடும்பங்களைப் பிரியாமல் காத்துள்ளன. நம் ஆலிம்களின் ஆறுதல் மொழியால் எத்தனையோ உள்ளங்கள் தேறியுள்ளன. அவற்றின் மதிப்பை எவரும் குறைக்க இயலாது.

ஆயினும், அறிவுரை என்பது கூறுபவரின் அனுபவத்திலிருந்து பிறப்பது. ஆலோசனை என்பது கேட்பவரின் உள்ளத்திலிருந்து விடையை வெளிக்கொணர்வது. ‘பொறுமையாக இரு’ என்பது அறிவுரை. ‘உன்னால் பொறுக்க முடியாதது எது?’ என்று கேட்டு, விடை வரும் வரை அமைதியாக இருப்பது ஆலோசனை. ஜமாஅத்தின் முன் வரும் பெண்ணின் எதிரில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுள் அவளுடைய உறவினரும் கணவரின் உறவினரும் இருப்பர். அந்த அவையில் அவளால் எதைக் கூற முடியும், எதைக் கூற முடியாது என்பதைப் பெரியோர் சிந்திக்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமே தீர்ப்புக்கு முன் ஆலோசகரின் துணையை நாட வழிசெய்துள்ளது. நீதிமன்றத்திற்குத் தேவைப்படும் துணை ஜமாஅத்திற்கு வேண்டாததாகுமா?

இக்கல்வியில் என்னதான் கற்பிக்கின்றனர்? மனித வளர்ச்சிப் பருவங்கள், ஆளுமைக் கோட்பாடுகள், மனநோய்களின் அறிகுறிகள், குடும்ப உறவுகள், உளச் சோதனைகள், தொழில் அறம் ஆகியன ஏட்டுப் பாடங்கள். அவற்றினும் முக்கியமானது செய்முறைப் பயிற்சி. மாணவர் தமக்குள் ஒருவரை ஆலோசகராகவும் ஒருவரை நாடி வந்தவராகவும் கொண்டு பழகுவர். பின்னர் மருத்துவமனை, பள்ளி, முதியோர் இல்லம், போதை மீட்பு மையம் ஆகியவற்றில் மூத்தவரின் மேற்பார்வையில் பணியாற்றுவர். சமூகப்பணி முதுகலை மாணவர்க்கு வாரத்தில் இரண்டு நாள்கள் களப்பணி என்பது நெடுங்கால வழக்கம். கார்ல் ரோஜர்ஸ் வலியுறுத்திய பண்புகள் மூன்று: பிறர் நிலையில் நின்று உணர்தல், எவ்வித நிபந்தனையுமின்றி அவரை மதித்தல், தான் போலியாக இல்லாதிருத்தல். இவை நூலைப் படித்தவுடன் வந்துவிடுவனவல்ல. தன் கோபத்தையும் தன் சார்புகளையும் தானே அறிந்து அடக்கப் பழகிய பின்னரே கைகூடுவன.

நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதற்குச் சான்று பாளையங்கோட்டையிலேயே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காதுகேளாதோர்க்கும் இங்கு பள்ளிகளைத் தொடங்கினர். அவர்களின் இரக்கம் போற்றுதற்குரியது. ஆனால், இரக்கத்தால் மட்டும் ஒரு பிள்ளை புள்ளியெழுத்தைத் தடவிப் படித்துவிடாது. அதற்கென்று முறையும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் தேவைப்பட்டனர். இரக்கம் ஒரு தொழிற்கல்வியாக வளர்ந்ததால்தான் அப்பள்ளிகள் நிலைத்தன.

துஆவும் மருந்தும்

2001 ஆகஸ்டு 6ஆம் நாளை நாம் மறக்கலாகாது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களுள் எல்லாச் சமயத்தினரும் இருந்தனர். தங்கள் பிள்ளைக்கும் உடன்பிறப்புக்கும் நலம் வேண்டி நம்பிக்கையோடு அங்கு கொண்டுவந்து விட்ட குடும்பத்தார் அவர்கள் பின்னே இருந்தனர். வெறியாட்டில் தாய் இருந்த அதே நிலை அது. அன்பு இருந்தது; நம்பிக்கை இருந்தது; நோயை அறிந்தவர் அருகில் இல்லை.

அக்கொடுமைக்குப் பின் உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகக் கருதி அரசு அவருக்குச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. குஜராத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில், துஆ வேண்டி வருவோர்க்கு அங்கேயே மருத்துவமும் அளிக்கும் திட்டம் 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தர்காவின் முஜாவிர்களே நோயாளரை மருத்துவரிடம் அனுப்பி வைத்தனர். இம்முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது.

இறைவனிடம் கையேந்துவதையும் மருத்துவரிடம் செல்வதையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு ஓதிப் பார்க்கிறோம், மருந்தும் கொடுக்கிறோம். உள்ளத்தின் நோய்க்கு மட்டும் மருந்தையும் ஆலோசனையையும் மறுப்பது ஏன்? ‘கண்ணேறு பட்டுவிட்டது’, ‘ஜின் பிடித்துவிட்டது’ என்று சொல்லி ஓர் இளம்பெண்ணை ஆண்டுக்கணக்கில் அறைக்குள் வைத்திருப்பது ஈமானின் அடையாளம் ஆகாது. அவளைக் கேட்க ஒருவரும் இல்லை என்பதன் அடையாளமே அது.

அரைகுறைப் பயிற்சியின் ஆபத்து

தேவை பெருகும்போது போலிகளும் பெருகும். மூன்று நாள் முகாமில் கலந்துகொண்டு சான்றிதழ் பெற்று, ‘மனநல ஆலோசகர்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வோரை இன்று எங்கும் காண்கிறோம். கடும் மனநோய் உடையவரை உளமருத்துவரிடம் அனுப்பாமல் தாமே பேசிப் பேசிக் காலம் கடத்துவோரால் உயிரிழப்பு நேரலாம். மருத்துவமனையில் மனநோய்க்குச் சிகிச்சையளிக்கும் உளவியலர்க்கு, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். ஆலோசகர், சமூகப் பணியாளர் முதலியோரையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவர 2021ஆம் ஆண்டில் துணைமருத்துவத் தொழிலர்க்கான தேசிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. எனவே, குறுக்குவழியில் பெறும் சான்றிதழ் இனி நெடுநாள் நில்லாது.

இதன் தொடர்ச்சியாக, உளவியல் உள்ளிட்ட இத்துறைப் படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியிலும் இணையவழியிலும் நடத்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025ஆம் ஆண்டு கல்வி நிறுவனங்களை அறிவுறுத்தியது. தரம் காக்கும் நோக்கில் இது சரியான முடிவே. ஆனால், அதன் சுமை எவர்மீது விழும் என்பதை எண்ண வேண்டும். திருமணத்திற்குப் பின் வீட்டிலிருந்தே அஞ்சல்வழியில் உளவியல் கற்க விரும்பிய நம் பெண்களின் ஒரே கதவு அடைபட்டுவிட்டது. சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்று விடுதியில் தங்கிப் படிக்க அவர்களுள் எத்தனை பேருக்கு வாய்ப்புக் கிட்டும்? பேருந்தில் காலையில் சென்று மாலையில் திரும்பும் தொலைவில் இக்கல்வி இருந்தால்தான் அவர்கள் கற்க முடியும். ஆகவேதான், ஊரிலேயே முறையான வகுப்பறைக் கல்வியாக இது அமைய வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

‘இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?’ என்று பெற்றோர் கேட்பர். பள்ளிகள், கல்லூரிகள், குடும்ப நீதிமன்றங்கள், மகளிர்க்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்கள், போதை மீட்பு நிலையங்கள், தொலைபேசி உதவி மையங்கள் எனப் பணியிடங்கள் உள்ளன. அவற்றுள் பல ஒப்பந்தப் பணிகளே என்பதையும், ஊதியம் உழைப்புக்கு ஏற்றதாக இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மென்பொருள் துறையில் கிடைக்கும் பொருளை எதிர்பார்த்து இத்துறைக்கு வருவோர் ஏமாற்றம் அடைவர். ஆனால், தேவை வளர்ந்து வரும் துறை இது. முதலில் தகுதி பெறுவோர்க்கே முதல் வாய்ப்பு.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவதாக, நம் கல்லூரியும் நம் பகுதிப் பிற கல்லூரிகளும், 1990இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் கலந்து, ஆலோசனை உளவியலில் முறையான முதுகலைக் கல்வியை விரிவாக்க முயல வேண்டும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே இருப்பதால் களப்பயிற்சிக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் அருகே நொச்சியோடைப்பட்டியில் கிறித்தவத் துறவியர் நடத்தும் அனுக்கிரகா நிறுவனம், சிற்றூர்ப்புறத்திலும் ஆலோசனைக் கல்வியைச் செவ்வனே நடத்தலாம் என்பதற்கு முன்மாதிரி.

இரண்டாவதாக, பிற துறை மாணவர்க்கும் செவிமடுத்தல், முதல்நிலை உளஉதவி, இரகசியம் காத்தல் ஆகியவற்றைக் கற்பிக்கும் விருப்பப்பாடம் ஒன்று வேண்டும். ஆசிரியராகவும் செவிலியராகவும் இமாமாகவும் வழக்கறிஞராகவும் போகிறவர்களுக்கு இது பயன்தரும். அரபிக் கல்லூரி மாணவர்க்கும் இதனை வழங்கலாம். தன்னால் இயலாததை இன்னாரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிந்த ஆலிம் ஒருவர் ஓர் ஊரையே காக்க வல்லவர்.

மூன்றாவதாக, ஒவ்வொரு ஜமாஅத்தும் திருமணப் பிணக்குகளை விசாரிக்குமுன் பயிற்சி பெற்ற பெண் ஆலோசகர் ஒருவரிடம் இரு தரப்பினரையும் தனித்தனியே அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். செல்வர்கள் இத்துறையில் பயிலும் ஏழை மாணவியரின் கட்டணத்தை ஏற்கலாம். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளைகள் இதனையும் பட்டியலில் சேர்த்தால் பேருதவியாகும்.

நான்காவதாக, தமிழ்த்துறைக்கும் பணி உண்டு. உள்ளத்தின் நிலைகளைக் குறிக்க நம் மக்கள் வழங்கும் சொற்களைத் தொகுக்க வேண்டும். ‘நெஞ்சு படபடக்கிறது’, ‘மனசு கிடந்து அடிக்கிறது’, ‘ஒன்றும் ஓடவில்லை’ என்று நம் தாய்மார் கூறுவதன் பொருளை ஆங்கிலப் பாடநூல் மட்டும் பயின்றவர் அறிய மாட்டார். அகஇலக்கியம் பயின்ற மாணவர் ஆலோசனைத் துறைக்குச் செல்வாராயின், அவர் பிறரினும் சிறந்து விளங்குவார் என்பது என் உறுதியான எண்ணம். சொல்லாமல் விட்டதையும் கேட்கும் பயிற்சியை அவர் இங்கேயே பெற்றிருப்பார்.

ஐந்தாவதாக, இன்றே செய்யக்கூடியது ஒன்று. 2022 அக்டோபர் 10ஆம் நாள் நடுவணரசு தொடங்கிய தொலைபேசி மனநல உதவி எண் 14416. கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை வகுப்பறைக் கதவிலும், பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும், விடுதியின் உணவுக்கூடத்திலும் எழுதி வைப்போம். சென்னையில் 1986 முதல் ‘சிநேகா’ அமைப்பு ஆற்றிவரும் தொண்டு, முன்பின் அறியாத ஒருவரின் பொறுமையான செவியும் ஓர் உயிரைக் காக்கும் என்பதை மெய்ப்பித்துள்ளது.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! பட்டம் பெற்றபின் என்ன படிப்பது என்று எண்ணும்போது இத்துறையையும் எண்ணிப் பாருங்கள். உங்களிடம் தோழியர் தம் மனக்குறையைக் கூறுவதுண்டா? கூறியதை நீங்கள் பிறரிடம் சொல்லாமல் காப்பதுண்டா? பிறர் அழும்போது உடனே அறிவுரை கூறாமல் அருகில் இருக்க உங்களால் இயலுமா? ஆம் எனில், இக்கல்விக்குரிய அடிப்படைத் தகுதி உங்களிடம் உள்ளது. எஞ்சியதைக் கல்வி தரும்.

பெரியோர்களே! மகள் உளவியல் படிக்கிறாள் என்றால் ‘பைத்தியக்காரர்களோடு பழகும் வேலையா?’ என்று கேட்காதீர்கள். ஒருகாலத்தில் நம் பெண்கள் செவிலியர் பணிக்குச் செல்வதையும் தயக்கத்தோடு பார்த்தோம். இன்று நம் வீட்டில் ஒருவர் நோயுற்றால் நம் இனத்துச் செவிலி ஒருவர் அங்கிருக்கிறாரா என்று தேடுகிறோம். உள்ளம் நோவும் நாளிலும் அவ்வாறு தேடப்போகிறோம். அன்று நம் மொழியில் நம்மைக் கேட்க ஒருவர் இருப்பதும் இல்லாதிருப்பதும், இன்று நாம் நம் பிள்ளைகளை எங்கு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆலோசனை கேட்டு வருபவர் நம்மிடம் ஒப்படைப்பது அமானிதம். அதனைப் பேணத் தெரிந்த ஒரு தலைமுறையைத் தாமிரபரணிக் கரையில் உருவாக்க எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக!